நியமனக் கடிதத்தில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் வேறு பெயர்: கணக்குத் திறக்க மறுக்கிறார்கள்

கேள்வி:
வேலைக்காக வெளிநாடு வந்து மூன்று வாரங்கள்தாம் ஆகின்றன. நியமனக் கடிதத்திலும் கடவுச்சீட்டிலும் பெயர் வேறுபடுவதாகச் சொல்லி வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சம்பள நாளுக்கு 9 நாள்களே உள்ளன. எல்லோரும் அழைக்கும் சுருக்கப் பெயரை நிறுவனத்துக்குக் கொடுத்தது அவ்வளவு பெரிய தவறா?

பதில் 1:
குடும்பப்பெயர் கட்டம் வெறுமையாக இருந்தால் உடனே தந்தை பெயரைச் சேர்த்துப் புதிய கடவுச்சீட்டு வாங்குங்கள். ஒற்றைப் பெயருடன் வருகை விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது.

பதில் 2:
அவசரப்படாதீர்கள், விசா பழைய பெயரில் இருக்கக் கடவுச்சீட்டை மட்டும் மாற்றினால் சிக்கல் இரட்டிப்பாகும். நான் 1996இல் அமெரிக்கா வந்தபோது, ஐந்து பேர் தங்கியிருந்த அறைக்கு என் சுருக்கப் பெயரில் வந்த மின்கட்டணச் சீட்டைக் காட்டியே கணக்குத் திறந்தேன். ஏமாற்றும் நோக்கமின்றி ஒரு பெயரைத் தொடர்ந்து வழங்கிவந்தால் அதுவே ஒருவரின் பெயராகிவிடும் என்ற மரபு அன்று பெரும்பாலான மாநிலங்களில் செல்லுபடியானது. பயங்கரவாதத்துக்கு எதிரான 2001இன் பேட்ரியட் சட்டத்தை ஒட்டி, 2003 அக்டோபர் முதல் வங்கிகள் ஒவ்வொருவரின் அடையாளத்தையும் சரிபார்த்தாக வேண்டும் என்றானது. அடையாள அட்டைகளுக்குக் கடும் சரிபார்ப்பு கோரி 2005இல் இயற்றிய ரியல் ஐடி சட்டமோ இருபது ஆண்டுகள் இழுபட்டு, 2025 மே 7 அன்றுதான் விமான நிலையங்களில் நடைமுறைக்கு வந்தது.

பதில் 3:
முன்னெழுத்தோடு பிறந்தவருக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இந்த இரண்டு கட்டங்கள் எப்படிப் பொருந்தும்? என் விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு', அதாவது 'முதற்பெயர் தெரியவில்லை' என்று அச்சிட்டார்கள். அலுவலகத்தில் ஓராண்டு முழுவதும் நான் 'ஃப்னு'வாகவே இருந்தேன்.

பதில் 4:
ஆவணங்களில் என் குடும்பப்பெயராகத் தந்தை பெயர் இருப்பதால், இங்கே என் கணவரை எல்லோரும் என் தந்தையின் பெயரால் அழைக்கிறார்கள். தந்தைக்கு அதில் மகிழ்ச்சிதான்.

கேட்டவர்:
நாட்டைச் சொல்ல மறந்துவிட்டேன், அமெரிக்கா. என் விசாவிலும் எஃப்என்யுதான் இருக்கிறது.

பதில் 5:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். விசாவில் உள்ள பெயரிலேயே நியமனக் கடிதத்தைத் திருத்தித் தருமாறு நாளைக் காலை மனிதவளத் துறையிடம் கேளுங்கள். சுருக்கப் பெயர் மின்னஞ்சலில் மட்டும் இருக்கட்டும். நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவில் எழுத்துப் பிழை இல்லை என்று உறுதிசெய்த பிறகு, அதே பெயரில், வேலைக்கும் வரிக்கும் தேவைப்படும் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். அந்த எண் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடியுரிமை இல்லாதவர்களிடம் கடவுச்சீட்டு எண்ணைப் பெற்றுக்கொள்ள வங்கி விதியே இடம் தருகிறது, ஒரு கிளை மறுத்தால் வேறு வங்கிக்குச் செல்லுங்கள். கணக்கு தாமதமானால் முதல் சம்பளத்தைக் காசோலையாகத் தர முடியுமா என்றும் கேட்டுவையுங்கள். பின்னாளில் நிரந்தரக் குடியிருப்புக்கான பச்சை அட்டைப் படிவம் 'பயன்படுத்திய பிற பெயர்கள்' என்று கேட்கும்போது சுருக்கப் பெயரை மறைக்காமல் எழுதுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்னொன்று: நியமனக் கடிதத்தில் முன்னெழுத்தும் இருக்கிறது, கடவுச்சீட்டில் இல்லை. அதையும் நீக்கச் சொல்ல வேண்டுமா?

பதில் 5:
ஆம், அதையும்தான்.