“நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?”

வைகைக்கரை அம்மாச்சி:

மகள் போய் மூன்று வருடம் ஆகிறது. மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது காலம் கடந்துவிட்டது. மருமகன் முப்பதாம் நாள் கும்பிட்டுவிட்டுப் போனவர்தான். ஒரு வருடத்தில் வேறு கல்யாணம் முடித்துக்கொண்டார். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை, அவருக்கும் வயசு இருக்கிறது. பேத்தியைக் கூட்டிப்போகிறேன் என்று அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் விட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

இருபத்தேழு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். எத்தனை முட்டை வந்தது, எத்தனை உடைந்தது என்று அன்றாடம் கணக்கு எழுதிய கை. ரிஜிஸ்டரையும் ஆபீஸையும் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் பேத்தி வந்தபிறகு எந்தக் கவுன்டருக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?” அம்மாவைப் பெத்தவ என்றால் போதாது. “அப்பா எங்க? அவர் ஆதார் எங்க?”

2025 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று, ‘அன்புக் கரங்கள்’ திட்டம் தொடங்கினார்கள். பெற்றோர் இல்லாத பிள்ளைக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய். ஒருவர் இறந்து, மற்றவர் விட்டுவிட்டுப் போயிருந்தாலோ ஜெயிலில் இருந்தாலோ தீராத நோயில் கிடந்தாலோ அதற்கும் உண்டு. பக்கத்து வீட்டுத் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அறை இருக்கிறது, அங்கே போனோம்.

அன்றைக்குப் பார்த்துக் கண்ணாடியை மறந்துவிட்டேன். விண்ணப்பத்தைப் பேத்திதான் வாசித்தாள். எழுத்துக் கூட்டுகிற வயசு இல்லை, நன்றாகவே படிப்பாள். “பெற்றோரில் ஒருவரை இழந்து, மற்றொரு பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தை” என்று வாசித்து நிறுத்தினாள். அந்த வரி மேலேயே விரலை வைத்துக்கொண்டு, “இந்தக் கட்டத்துலயா அம்மாச்சி டிக் போடணும்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். டிக் போட்டாள். வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து கைப்பையில் ஒரு கண்ணாடி, வீட்டில் ஒரு கண்ணாடி.

அந்த அறையில் இருந்த பெண் தங்கமானவர், அதையும் சொல்ல வேண்டும். ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், மகளின் இறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்று எல்லாம் சரி என்றார். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்குப் புத்தகம் மட்டும் இல்லை. வங்கிக்குப் போனால், “அப்பா வந்து கையெழுத்துப் போடணும், இல்லேன்னா கோர்ட்ல நீங்கதான் கார்டியன்னு உத்தரவு வாங்கிட்டு வாங்க” என்கிறார்கள். மருமகன் போனை எடுப்பதில்லை. கோர்ட்டுக்குப் போக வக்கீல் கேட்கிற தொகை ஒரு வருட உதவித்தொகையை முழுங்கிவிடும். இப்படி அலைந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

செங்கல்பட்டு சித்தப்பா:

அம்மா, எங்கள் கதை 2021. அண்ணனும் அண்ணியும் பதினோரு நாள் இடைவெளியில் கொரோனாவில் போனார்கள். அண்ணன் மகனுக்கு அப்போது வயது எட்டு.

எங்களுக்கு அலைச்சல் குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மே மாதக் கடைசியிலேயே மாநில அரசு அறிவித்துவிட்டது: இருவரையும் இழந்த பிள்ளை பெயரில் 5 லட்சம் டெபாசிட், பதினெட்டு வயதில் வட்டியோடு கையில் வரும். உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3,000. ஒன்றிய அரசின் பி.எம். கேர்ஸ் என்கிற பிரதமர் நிவாரண நிதியில் இருபத்து மூன்று வயதில் 10 லட்சம், அதில் கலெக்டரே பிள்ளைக்குப் பாதுகாவலர் மாதிரி. அதிகாரிகள் வீடு தேடி வந்தார்கள். ஊரே அழுதுகொண்டிருந்த நேரம், அதனால் வந்தார்கள் என்று நினைக்கிறேன். அதே வருடம் வேறு காய்ச்சலில் தாய் தகப்பனை இழந்த பிள்ளை எங்கள் தெருவிலேயே இருக்கிறது. அந்த வீட்டு வாசலில் எந்த ஜீப்பும் நிற்கவில்லை.

எங்களுக்குத் தொல்லை சொந்தக்காரர்களிடமிருந்து வந்தது. “பதினைஞ்சு லட்சம் வருதுன்னுதான் பையனை வச்சிருக்கான்” என்று ஒரு பெரியவர் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சொன்னார். அன்றிலிருந்து நான் ஒரு நோட்டுப் போட்டேன். மாதம் 3,000 வரவு. ஃபீஸ், செருப்பு, பல் டாக்டர் என்று செலவு. யார் கேட்டாலும் காட்டலாம் என்று ஒரு வீம்பு.

ஒரு நாள் அதைப் பையன் பார்த்துவிட்டான். “சித்தப்பா, தங்கச்சிக்கு எந்த நோட்டுல எழுதுறீங்க?” என்றான். என் மகளுக்கு நான் ஏன் கணக்கு எழுதப்போகிறேன்? அந்த நோட்டு இப்போது பரண் மேல் கிடக்கிறது. பந்தியில் பேசியவர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

வங்கி விஷயத்தில் பாதுகாப்பு அலகிலேயே ஒரு கடிதம் கேட்டுப் பாருங்கள். எங்களுக்குக் கொடுத்தார்கள்.

துபாய்க்காரனின் அப்பா:

நம்ம கேஸ் எந்தக் கட்டத்திலும் அடங்காது. மகன் துபாயில், மருமகள் திருப்பூரில் கம்பெனி ஹாஸ்டலில். இரண்டு பேரும் நல்லா இருக்காங்க, காசும் வருது. பேரன்கள் இரண்டு பேரும் எங்களோடு. உதவி கேட்கவில்லை சாமி, ஸ்கூல் பெற்றோர் கூட்டத்தில் ஒரு நாற்காலி கொடுத்தால் போதும். போன தடவை அந்தக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் இரண்டு வாத்தியார்கள் தூக்கிவிட்டார்கள்.

விழுப்புரம் பக்கத்து அத்தை:

நான் பெத்த பிள்ளை கிடையாது, தம்பி பிள்ளை. தம்பி லாரி விபத்தில் போனான். தம்பி பொண்டாட்டிக்கு அதற்கு முன்னாலிருந்தே மனநலச் சிகிச்சை நடக்கிறது, அவளும் என் வீட்டில்தான்.

யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணச் சொன்னார்கள். எனக்குப் பயம். ஹோமுக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்று நம்பரைச் சீட்டில் எழுதி நாலு மாதம் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். மஞ்சள் ஏறிப்போன சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு நாள் பக்கத்து வீட்டு போனில் பேசினேன். குழந்தைகள் நலக் குழு முன்னால் வரச் சொன்னார்கள். மொத்தம் ஐந்து பேர் கொண்ட குழு, நாங்கள் போன அன்று மூன்று பேர் இருந்தார்கள். கோர்ட் மாதிரி கூண்டு இருக்கும் என்று நினைத்துப் போனேன். மேசை, நாற்காலி, சுவரில் ஒரு கரடி பொம்மைப் படம். அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு அம்மா வீடு பார்க்க வந்தார். பிள்ளை எங்கே படுக்கிறான், புத்தகம் எங்கே வைக்கிறான் என்று கேட்டார். பையனைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. அவன் சொன்னதை அந்த அம்மாவே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “அத்தை அடிக்கும். அப்புறம் முட்டை பொரிச்சுத் தரும்.” அதை அப்படியே எழுதினாரா என்று இன்றுவரை தெரியாது.

மிஷன் வாத்சல்யா என்கிற ஒன்றிய அரசுத் திட்டத்தில் ஸ்பான்சர்ஷிப் என்று பிள்ளைக்கு மாதம் 4,000 உதவித்தொகை கிடைக்கிறது. அதற்குக் கிராமத்தில் குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும், டவுனில் 96,000. அதாவது மாதம் ஆறாயிரத்தில் குடும்பம் ஓடுகிறது என்று காட்டினால்தான் இன்னொரு பிள்ளையை வளர்க்க உதவி. இதை எழுதியவர்கள் எந்தக் கடையில் அரிசி வாங்குகிறார்களோ, அட்ரஸ் கிடைத்தால் நல்லது. மூன்று மாதம் வராது, திடீரென்று சேர்த்து வரும். அதை நம்பிச் சீட்டுக் கட்டாதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன் அம்மா. பயந்து நாலு மாதம் கெடுத்தேன். என்னைப் போல யாரும் சீட்டை டப்பாவுக்கு அடியில் வைக்க வேண்டாம். குடும்பத்திலிருந்து பிள்ளையைப் பிரிப்பது கடைசி வழி என்றுதான் அந்தக் குழுவிலேயே சொன்னார்கள்.

தபால்காரர் வீட்டுப் பெண்:

அம்மாச்சி, பேத்திக்கு என்ன வயது? பத்து முடிந்துவிட்டால் தபால் ஆபீஸில் அவள் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். அப்பா, கார்டியன், கோர்ட் எதுவும் வேண்டாம். வங்கிகளிலும் பத்து வயதுக்கு மேல் தனியாக நடத்துகிற கணக்கு உண்டு, எல்லாக் கிளையிலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். உதவித்தொகைக்கு எந்தக் கணக்கு செல்லும் என்று மட்டும் பாதுகாப்பு அலகில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, பிள்ளை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கையெழுத்துப் போட வேண்டும். நிறையப் பேர் அங்கேதான் திரும்பி வருகிறார்கள்.

வைகைக்கரை அம்மாச்சி:

தாயி, நீ நல்லா இருக்கணும். பங்குனியில் பத்து முடிந்தது. ஒன்பது வயதில் அலைந்த அலைச்சலிலேயே இருந்துவிட்டேன், பத்துக்கு இப்படி ஒரு வழி இருப்பதை ஒருத்தரும் சொல்லவில்லை. பாதுகாப்பு அலகுப் பெண்ணுக்குப் போன் போட்டேன். வங்கிக் கணக்காகவே எடுத்துவிடுங்கள், அதுதான் சுலபம் என்றார்.

செங்கல்பட்டுத் தம்பி, அந்த நோட்டைப் பரணில் வைத்ததோடு விடாதே, அடுப்பில் போடு. விழுப்புரம் தங்கச்சி, முட்டைக்காரனை நான் கேட்டதாகச் சொல்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறோம். பேத்தி பழைய நோட்டில் கையெழுத்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். இன்ஷியல் என்ன போடுவது என்று கேட்டாள். அப்பா எழுத்துத்தான், பிறப்புச் சான்றிதழில் அதுதானே இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். இப்போது மூன்று பக்கம் முடிந்துவிட்டது, பெயர் எல்லாம் ஒரே மாதிரி வருகிறது, முன்னால் அந்த எழுத்து மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி விழுகிறது. நாளைக்கும் பழகச் சொல்லியிருக்கிறேன்.