வண்ணை குடும்பக் குழு: பாப்பாவின் மாத்திரை

ராயபுரம் மாமா, காலை 7.10
“ரத்தப் புற்றுநோய்க்கு ஒரே ஊசி! மும்பையில் கண்டுபிடித்துவிட்டார்கள். இனி கீமோ வேண்டாம்!”
பாப்பாவுக்கு இதையே போட்டுவிடலாம். பணத்துக்கு நான் அலைகிறேன்.

கொருக்குப்பேட்டை அக்கா, 7.14
உண்மையா மாமா? நேற்று இரவும் மாத்திரையைத் துப்பிவிட்டாள். எனக்குத் தெம்பே இல்லை. நிறுத்திவிடலாமா?

திருவொற்றியூர் சித்தி, 7.16
நிறுத்தாதே கண்ணு! இரவுப் பணி முடிந்து இப்போதுதான் பஸ் ஏறினேன். எழுதுகிறேன், பொறு.

திருவொற்றியூர் சித்தி, 7.29
அதற்குக் கார்-டி செல் சிகிச்சை என்று பெயர். நோயாளியின் ரத்தத்திலிருந்தே நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான டி செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் அவற்றுக்குள் புது மரபணு ஒன்றைச் செலுத்துவார்கள். சிடி19 என்ற புரதம் உள்ள புற்றுநோய் செல்களைத் தேடி அழிக்க அவை கற்றுக்கொள்ளும். பெருக்கி மறுபடி உடம்பில் ஏற்றுவார்கள். ஏற்றுவதற்கு முன் சில நாள் கீமோவும் உண்டு.

குழந்தைகளில் முதலில் இதைப் பெற்றவள் எமிலி வொயிட்ஹெட். 2012, பிலடெல்பியா. இரண்டு முறை நோய் திரும்பிய பிள்ளை. செல்களை ஏற்றியதும் கடும் காய்ச்சல், வெண்டிலேட்டர். மூட்டுவாத மருந்தான டோசிலிசுமாப் கொடுத்த பிறகே மீண்டாள். பத்தாண்டு கடந்தும் நோய் திரும்பவில்லை. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

ராயபுரம் மாமா, 7.31
அதைத்தானே நானும் கேட்கிறேன்?

திருவொற்றியூர் சித்தி, 7.38
அண்ணா, எமிலிக்குக் கீமோ பலிக்கவில்லை. நம் பாப்பாவுக்குப் பலித்திருக்கிறது. அமெரிக்கா 2017இல் இதை அனுமதித்ததுகூட நோய் அடங்காதவர்களுக்கும் திரும்ப வந்தவர்களுக்கும்தான். அப்போது அங்கே விலை 4,75,000 டாலர். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தது பெரிய சாதனை. ஆனால் 2023 அக்டோபரில் அதற்குக் கிடைத்த அனுமதி 15 வயதிலிருந்துதான். பாப்பாவுக்கு ஏழு.

மிச்சம் மீதி ஒளிந்திருக்கும் நோய் அணுக்களை ஒழிப்பது இந்த மாத்திரைகள்தான். இவற்றைப் பாதியில் விட்டால் நோய் திரும்பலாம். அந்த ஊசி தேவைப்படும் நிலைக்குப் பிள்ளையை நாமே தள்ளலாமா?

கொருக்குப்பேட்டை அக்கா, 7.40
துப்பினால் என்ன செய்வது சித்தி?

திருவொற்றியூர் சித்தி, 7.44
நீயாக இன்னொன்று கொடுக்காதே, வார்டுக்குப் போன் செய். மெர்காப்டோப்யூரின் மாத்திரையை வெறும் கையால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே நாள், நாள்காட்டியில் வட்டம் போட்டு வை. காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திராதே, உடனே கிளம்பு.

தண்டையார்பேட்டை தம்பி, 7.46
அக்கா, இனி இரவில் நான் வந்து கொடுக்கிறேன். நீ கொஞ்சம் தூங்கு.

ராயபுரம் மாமா, 7.50
சரிம்மா, புரிந்தது. எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு அடுத்து எப்போது போக வேண்டும்? என் ஆட்டோவிலேயே போகலாம்.

கொருக்குப்பேட்டை அக்கா, 7.52
செவ்வாய் மாமா. ரத்தப் பரிசோதனை. ஏழு மணிக்கே வந்துவிடுங்கள், பேசின் பிரிட்ஜ் பக்கம் நெரிசல் அதிகம்.