கேன்வாஸில் சுழற்றிய செவ்வகத்தை இழுத்துப் பெரிதாக்கினால் எதிர்ப்பக்கம் நழுவுகிறது

வரைபலகை:

வணக்கம். அறைக்குள் சோஃபா, மேசை, அலமாரி எதை எங்கே போடலாம் என்று பார்த்துக்கொள்ள ஒரு சின்ன வரைபடக் கருவி எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரவுசரில் ஓடுவது. சாதாரண ஜாவாஸ்கிரிப்ட், கேன்வாஸின் (பிரவுசருக்குள் வரைவதற்கான பரப்பு) 2டி கான்டெக்ஸ்ட், லைப்ரரி எதுவும் கிடையாது. ஒவ்வொரு பொருளும் ஒரு செவ்வகம். மேல் இடது மூலையின் எக்ஸ், ஒய், அப்புறம் அகலம், உயரம், கோணம் என்று ஐந்து எண்கள்தான். வரையும்போது நடுப்புள்ளிக்கு டிரான்ஸ்லேட் செய்து, ரொட்டேட் செய்து, அங்கிருந்து பாதி அகலம் பாதி உயரம் பின்னால் போய் வரைகிறேன்.

நகர்த்துவது, சுழற்றுவது இரண்டும் சரியாக வேலை செய்கின்றன. சுழற்றாத செவ்வகத்தில் எட்டு ஹேண்டில்களில் (ஓரங்களிலும் மூலைகளிலும் இருக்கும் சின்ன இழுப்புச் சதுரங்கள்) எதைப் பிடித்து இழுத்தாலும் ஒழுங்காக வருகிறது. சுழற்றிய பிறகுதான் எல்லாம் கெடுகிறது. 30 டிகிரி திருப்பிய சோஃபாவின் வலப்பக்க ஹேண்டிலை இழுத்தால் அதன் இடப்பக்கம் அசையாமல் நிற்க வேண்டும் இல்லையா, அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே போகிறது. 90 டிகிரியில் அந்த ஹேண்டில் திரையில் கீழே வந்துவிடுகிறது, ஆனால் கீழ்நோக்கி இழுத்தால் அகலம் மாறவே மாட்டேன் என்கிறது. 180 டிகிரியில் வெளியே இழுத்தால் செவ்வகம் சுருங்குகிறது.

மவுஸ் நகரும் ஒவ்வொரு முறையும் முந்தைய இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் உள்ள கிடைமட்ட வித்தியாசத்தை எடுத்து அகலத்தோடு கூட்டுகிறேன். சைன், கோசைன் போட்டு அந்த வித்தியாசத்தைத் திருப்பியும் பார்த்தாயிற்று. அகலம் சரியாகிவிட்டது, நழுவல் மட்டும் போகவில்லை. கணக்கில் எது விடுபடுகிறது? இதற்கெல்லாம் பேசாமல் எஸ்விஜிக்கு (ஒவ்வொரு உருவத்தையும் தனி எலிமெண்டாக வைத்து வரையும் முறை) மாறிவிடுவதுதான் நல்லதா?

கோணமானி:

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள், அதில் ஒன்றைத்தான் தீர்த்திருக்கிறீர்கள். முதலாவது திசை: மவுஸ் திரையின் அச்சில் நகர்கிறது, அகலம் செவ்வகத்தின் சொந்த அச்சில் இருக்கிறது. சைன், கோசைன் போட்டதும் அது சரியாகிவிட்டது. இரண்டாவது நடுப்புள்ளி. நீங்கள் சுழற்றுவது நடுப்புள்ளியைச் சுற்றி; அகலம் கூடினால் நடுப்புள்ளியும் நகரும். மேல் இடது மூலையின் எக்ஸ், ஒய்யை மாற்றாமல் அகலத்தை மட்டும் கூட்டுவதால் அது எப்போதும் திரையின் கிடைமட்டத்தில் நகர்கிறது. நகர வேண்டியதோ செவ்வகத்தின் சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

எண்களோடு பார்த்தால் உடனே பிடிபடும். நடுப்புள்ளி (300, 200), அகலம் 200, உயரம் 100, கோணம் 30 டிகிரி. அகலத்தை 40 கூட்டினால் உங்கள் கோடில் நடுப்புள்ளி (320, 200)க்குப் போகிறது. போக வேண்டிய இடம் (317.32, 210). அதாவது இடப்பக்கம் வலப்புறமாக 2.68 பிக்சலும் மேலே 10 பிக்சலும் நகர்ந்துவிடுகிறது, நீங்கள் பார்க்கும் நழுவல் இதேதான். 90 டிகிரியில் அதே 40க்கு நழுவல் ஏறக்குறைய 28 பிக்சல், 180இல் முழு 40.

தீர்வுக்கு முதலில் மேல் இடது மூலையைச் சேமிப்பதை விட்டுவிட்டு நடுப்புள்ளியைச் சேமியுங்கள். சுழற்றிய உருவத்துக்கு "மேல் இடது" என்பது திரையில் இல்லாத ஒரு இடம், அதைக் கட்டி அழ வேண்டியதில்லை. அப்புறம் ஒவ்வொரு ஹேண்டிலுக்கும் இரண்டு குறி எண்கள் கொடுங்கள்: வலப்பக்கம் (1, 0), இடப்பக்கம் (−1, 0), கீழ் வலது மூலை (1, 1), மேல் இடது மூலை (−1, −1), இப்படி. எட்டு ஹேண்டிலுக்கு எட்டு தனி கேஸ் எழுதுவதை இதோடு நிறுத்திவிடலாம், ஒரே ஃபங்ஷன் போதும்.

மவுஸ் அழுத்திய கணத்தில் செவ்வகத்தின் எண்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். அதே கணத்தில் அசையக் கூடாத புள்ளியையும் கண்டுபிடித்து வையுங்கள்: பிடித்த ஹேண்டிலின் குறி எண்களைப் பாதி அகலத்தாலும் பாதி உயரத்தாலும் பெருக்கி, கோணத்துக்குச் சுழற்றி, நடுப்புள்ளியிலிருந்து கழித்தால் எதிர்ப்புள்ளி வந்துவிடும். மேலே சொன்ன செவ்வகத்துக்கு வலப்பக்க ஹேண்டிலின் எதிர்ப்புள்ளி (213.4, 150). இது நோட்டீஸ் போர்டில் குத்திய பின் மாதிரி, இழுத்து முடிக்கும்வரை அசையாது.

மவுஸ் நகரும்போது எதிர்ப்புள்ளியிலிருந்து மவுஸ் வரைக்குமான வெக்டரை எடுத்து, கோணத்துக்கு எதிர்த்திசையில் சுழற்றுங்கள்:

உள் எக்ஸ் = எக்ஸ் × கோசைன் + ஒய் × சைன்
உள் ஒய் = ஒய் × கோசைன் − எக்ஸ் × சைன்

உள் எக்ஸை ஹேண்டிலின் முதல் குறியால் பெருக்கினால் புது அகலம், உள் ஒய்யை இரண்டாவதால் பெருக்கினால் புது உயரம். குறி 0 என்றால் அந்த அளவைத் தொடவே வேண்டாம், பழையதே இருக்கட்டும். புது நடுப்புள்ளிக்கு, எதிர்ப்புள்ளியோடு குறி × பாதிப் புது அளவைக் கோணத்துக்குச் சுழற்றிக் கூட்டுங்கள். மவுஸ் (421.24, 270)இல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள், அகலம் 240, நடுப்புள்ளி (317.32, 210) என்று வரும்.

இன்னொரு விஷயம், முந்தைய மவுஸ் இடத்தோடு ஒப்பிட்டுக் கூட்டிக்கொண்டே போவதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு நகர்விலும் அழுத்தியபோது எடுத்த நகலிலிருந்தே புதிதாகக் கணக்குப் போடுங்கள். குறைந்தபட்ச அகலம் 20 என்று வைத்திருக்கிறீர்கள் என்றால், மவுஸ் அதையும் தாண்டி உள்ளே போய்த் திரும்பி வரும்போது கூட்டல் முறையில் ஹேண்டில் மவுஸை விட்டு விலகியே இருக்கும், கடைசிவரை ஒட்டாது. நகலிலிருந்து கணக்கிட்டால் அந்தத் தொல்லையே வராது. ஹேண்டிலின் சரியான நடுவில் யாரும் அழுத்த மாட்டார்கள் என்பதால், அழுத்திய இடத்துக்கும் ஹேண்டிலின் நடுவுக்கும் உள்ள வித்தியாசத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் மவுஸ் இடத்திலிருந்து கழியுங்கள். இல்லையென்றால் தொட்டவுடனே உருவம் மூன்று நான்கு பிக்சல் துள்ளும், சின்னதுதான் ஆனால் கருவியே மட்டம் என்று தோன்றவைத்துவிடும்.

பிக்சல்கணக்கு:

கோணமானி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அந்தக் கணக்குக்குள் போகும் மவுஸ் புள்ளியே தவறாக இருந்தால் எதுவும் உருப்படாது, அதனால் அதைப் பற்றி.

மவுஸ் நிகழ்வு தருவது பிரவுசர் ஜன்னலின் கோஆர்டினேட். அதிலிருந்து, கேன்வாஸ் ஜன்னலில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் தரும் இடது, மேல் எண்களைக் கழித்தால் கேன்வாஸுக்குள் இருக்கும் இடம், சிஎஸ்எஸ் பிக்சலில். கேன்வாஸுக்கு பேன் (காட்சியை இழுத்து நகர்த்துவது), ஜூம் வைத்திருந்தால் பேன் அளவைக் கழித்து ஜூமால் வகுத்த பிறகுதான் அது உங்கள் அறையின் கோஆர்டினேட் ஆகும். இந்த மாற்றத்தை ஒரே ஒரு ஃபங்ஷனில் வைத்து எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுங்கள். பத்து இடத்தில் பத்து விதமாக வகுத்தால் பிழை எங்கே என்று தேடி மாளாது.

ஹைடிபிஐ (பிக்சல் அடர்த்தி அதிகமான) திரைகளுக்காக டிவைஸ்பிக்சல்ரேஷியோவால், அதாவது ஒரு சிஎஸ்எஸ் பிக்சலுக்கு எத்தனை திரைப் பிக்சல் என்ற எண்ணால், ஸ்கேல் செய்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. ஒரு புள்ளி வரைந்த பாதைக்குள் இருக்கிறதா என்று சொல்லும் இஸ்பாயிண்ட்இன்பாத்தை அழைக்கும்போது பாதை மட்டும்தான் டிரான்ஸ்ஃபார்முக்கு உட்படும், நீங்கள் கொடுக்கும் புள்ளி உட்படாது. அதனால் ரேஷியோ 2 ஆக இருக்கும் லேப்டாப்பில் சிஎஸ்எஸ் பிக்சலை அப்படியே கொடுத்தால் சோஃபாவின் மேல் சொடுக்குவது சோஃபாவில் படாது. செவ்வகத்துக்கு அதைப் பயன்படுத்தவே தேவையில்லை என்பது என் கருத்து: மவுஸ் புள்ளியிலிருந்து நடுப்புள்ளியைக் கழித்து, அதே எதிர்ச்சுழற்சியைப் போட்டு, பாதி அகலத்துக்குள்ளும் பாதி உயரத்துக்குள்ளும் இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது. ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் பொருள்களில் கடைசியாக வரைந்ததிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள், கண்ணுக்கு மேலே தெரிவதுதான் கையில் சிக்க வேண்டும்.

ஹேண்டிலின் அளவு திரைக்கு மாறாமல் இருக்க வேண்டும், அதனால் வரையும்போது ஜூமால் வகுத்துவிடுங்கள். பார்வைக்கு 8 பிக்சல் சதுரம் அழகாக இருக்கும், பிடிப்பதற்கு அது போதாது. தொட்டுணரும் பரப்பைக் கண்ணுக்குத் தெரிவதை விடப் பெரிதாக வையுங்கள், இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதலான டபிள்யூசிஏஜி 2.2 குறைந்தபட்சமாகச் சொல்வது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல், விரலுக்கு ஆப்பிள் பரிந்துரைப்பது 44 பாயிண்ட். ஹேண்டிலில் பட்டதா என்று பார்த்த பிறகுதான் உருவத்தில் பட்டதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சின்ன ஸ்டூலைப் பெரிதாக்கவே முடியாது.

மவுஸ் நிகழ்வுகளை விட்டுவிட்டு, மவுஸுக்கும் விரலுக்கும் பொதுவான பாயிண்டர் நிகழ்வுகளுக்கு மாறிவிடுங்கள். அழுத்தியதும் செட்பாயிண்டர்கேப்சர் அழைத்தால் கேன்வாஸை விட்டு வெளியே இழுத்துப் போனாலும் நகர்வும் விடுவிப்பும் உங்களுக்கே வரும். கேன்வாஸின் சிஎஸ்எஸ்ஸில் டச்-ஆக்ஷன் நன் என்று போட மறந்தால் போனில் பாதி இழுக்கும்போதே பிரவுசர் அதை ஸ்க்ரோல் என்று எடுத்துக்கொண்டு பாயிண்டர்கேன்சல் அனுப்பிவிடும்.

வரைபலகை:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நடுப்புள்ளிக்கு மாற்றிவிட்டேன், குறி எண்கள் வந்ததும் ஃபங்ஷன் பாதியாகச் சுருங்கிவிட்டது, 30 டிகிரியிலும் 90 டிகிரியிலும் எதிர்ப்பக்கம் துளியும் அசையவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. மூலையை இழுக்கும்போது ஷிஃப்ட் அழுத்தினால் அகல உயர விகிதம் மாறக் கூடாது, அதை எந்த இடத்தில் சேர்ப்பது? அப்புறம் மேசையையும் நான்கு நாற்காலியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து மொத்தமாகப் பெரிதாக்க வேண்டும் என்றால், சுற்றி ஒரு பெரிய செவ்வகம் போட்டு இதே கணக்கைச் செய்யலாமா?

கோணமானி:

ஷிஃப்ட் எளிது. குறிகளால் பெருக்கிய பிறகு கிடைக்கும் புது அகலம், புது உயரம் இரண்டையும் பழைய மூலைவிட்டத்தின்மேல் வீழ்த்துங்கள். (புது அகலம் × பழைய அகலம் + புது உயரம் × பழைய உயரம்) ஐ (பழைய அகலத்தின் வர்க்கம் + பழைய உயரத்தின் வர்க்கம்) ஆல் வகுத்தால் ஒரே ஒரு மடங்கு எண் வரும், அதனால் பழைய இரண்டையும் பெருக்குங்கள். எது பெரிதோ அதை எடுத்துக்கொள்வது என்று சிலர் எழுதுவார்கள், அப்படிச் செய்தால் நடுவழியில் ஓரிடத்தில் இழுவையின் போக்கு திடீரென மாறுவது கைக்குத் தெரியும். மடங்கு போட்டு, குறைந்தபட்ச அளவுக்கு நிறுத்தி, அதன்பிறகுதான் நடுப்புள்ளியைக் கணக்கிட வேண்டும். வரிசையை மாற்றினால் பழைய நழுவல் திரும்ப வந்துவிடும்.

நேர்க்கோடு:

குழுவைப் பெரிதாக்கும் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே ஐந்து எண்கள் போதாது. 30 டிகிரி திரும்பிய ஒரு நாற்காலி குழுவுக்குள் இருக்கிறது, குழுவை அகலவாக்கில் மட்டும் 2 மடங்கு இழுக்கிறீர்கள். அந்த நாற்காலியின் மூலைகள் இனி செங்கோணமாக இருக்காது, அது இணைகரம் ஆகிவிடும். அகலம், உயரம், கோணம் வைத்து இணைகரத்தைச் சொல்லவே முடியாது. பொதுவான வரைகருவி என்றால் ஒவ்வொரு உருவத்துக்கும் ஆறு எண் கொண்ட மேட்ரிக்ஸைச் (இடம், சுழற்சி, அளவு, சாய்வு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் எண் அட்டவணை) சேமிக்க வேண்டியதுதான். கேன்வாஸின் செட்டிரான்ஸ்ஃபார்ம் கேட்பதும் அதே ஆறு எண்கள்தான். உங்கள் கருவிக்கு அது தேவையே இல்லை என்று நினைக்கிறேன். பல பொருள்களைத் தேர்ந்தெடுத்தால் நகர்த்தவும் சுழற்றவும் மட்டும் விடுங்கள். நாற்காலி கடையில் வாங்கிய அளவில்தான் இருக்கும், மேசையோடு சேர்த்துப் பிடித்து இழுத்ததற்காக அது வளராது. வேண்டுமென்றே அனுமதித்தாலும் மூலைகளில் விகிதம் மாறாத இழுவையை மட்டும் அனுமதியுங்கள், அப்போது கோணங்கள் கெடாது.

எஸ்விஜி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எஸ்விஜியில் ஒவ்வொரு உருவமும் டாமில் (பக்கத்தில் இருப்பவற்றை பிரவுசர் வைத்திருக்கும் பட்டியல்) ஒரு எலிமெண்டாக உயிரோடு இருப்பதால், எதன்மேல் சொடுக்கினார்கள் என்பதை பிரவுசரே சொல்லிவிடும். கேன்வாஸ் வரைந்ததும் மறந்துவிடும், நினைவில் வைப்பது உங்கள் வேலை. ஆனால் எதிர்ப்புள்ளிக் கணக்கு இரண்டிலும் ஒன்றேதான், மாறினாலும் அது போகாது. கோன்வா போன்ற லைப்ரரியின் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்தால் அந்தக் கணக்கும் தயாராக வரும். அது அகலத்தையும் உயரத்தையும் மாற்றாமல் ஸ்கேல்எக்ஸ், ஸ்கேல்ஒய்யை மாற்றும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள், சோஃபாவின் அளவை சென்டிமீட்டரில் காட்டும்போது பெருக்க மறந்தால் பழைய அளவே தெரியும். எதை அசையாமல் வைக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதைக் கணிதத்திடம் விடுவது இந்தத் துறையில் மிகப் பழைய யோசனை. 1963இல் எம்ஐடியில் இவான் சதர்லாண்ட் டிஎக்ஸ்-2 கணினியில் லைட் பென் (திரையில் வைத்து வரையும் பேனா) வைத்துச் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற வரைநிரலில் இந்தக் கோடும் அந்தக் கோடும் இணையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் கணினி அதைக் காப்பாற்றிக்கொடுக்கும். எனக்கு அதை நினைத்தால் இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

கடைசியாக அன்டூ. அழுத்தியபோது எடுத்த நகல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, விட்டதும் அந்த நகலையும் இப்போதைய எண்களையும் சேர்த்து ஒரே ஒரு பதிவாக அன்டூ அடுக்கில் போடுங்கள். ஒவ்வொரு நகர்வையும் பதிவு செய்தால் ஒரு இழுவையைத் திருப்ப கன்ட்ரோல்-இசட்டை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். நடுவில் எஸ்கேப் அழுத்தினாலோ பாயிண்டர்கேன்சல் வந்தாலோ நகலை அப்படியே திரும்ப வைத்துவிட்டு எதையும் பதியாமல் வெளியே வந்துவிடுங்கள்.