ரிசர்வ் டேங்க் நிறைந்திருக்கிறது, ரேடியேட்டரில் மட்டும் கூலன்ட் குறைகிறது: காரணம் என்ன?

நெடுவழி:

வணக்கம். என்னுடையது எட்டாண்டு ஆன பெட்ரோல் கார், 90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நெடுஞ்சாலையில் எந்தத் தொல்லையும் இல்லை. நெரிசலில் சிக்கி நகராமல் நிற்கும்போதுதான் வெப்பம் காட்டும் முள் நடுவிலிருந்து மெல்ல மேலே ஏறுகிறது. வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடுகிறது. சிவப்புக் கோட்டை இதுவரை தொட்டதில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். ரிசர்வ் டேங்கில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எப்போது பார்த்தாலும் மேல்கோட்டுக்குச் சற்று மேலேயே நிற்கிறது. அதனால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். இன்று காலை, எஞ்சின் முழுவதும் ஆறியிருந்தபோது, ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே கூலன்ட் கண்ணுக்கே தெரியவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன், நுனிகூட நனையவில்லை. ஏறக்குறைய அரை லிட்டர் ஊற்றிய பிறகுதான் கழுத்துவரை வந்தது. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஈரமும் கிடையாது.

பட்டறையில் காட்டியபோது, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கும், எஞ்சினைப் பிரித்துத்தான் ஆகவேண்டும் என்றார்கள். அவ்வளவு பெரிய வேலைக்குச் சம்மதிப்பதற்கு முன், அதுதான் காரணம் என்று உறுதிசெய்ய வழி இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கார்புரேட்டர்:

நண்பரே, நெரிசலில் சூடேறினால் முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள். நான் முன்பு வைத்திருந்த வண்டியில் அப்படித்தான் செய்தேன், முள் அதன்பிறகு ஏறவே இல்லை. நீர் தடையில்லாமல் சுற்றி வந்தால் சூடு எப்படி ஏறும்?

ஸ்பானர்:

கார்புரேட்டர் ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கும். அதற்குமுன் கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றவைத்துச் சீக்கிரம் சூடாக்குவதுதான் அதன் வேலை. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும். எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று கணினி கூடுதல் பெட்ரோல் செலுத்திக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கும், தேய்மானம் கூடும். இன்னொன்றும் உண்டு. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடிப்பக்கத் தட்டு இறங்கிப் பைபாஸ் வழியை அடைக்கும்படி அமைத்திருப்பார்கள். அங்கே தெர்மோஸ்டாட்டை எடுத்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலையே சூட்டை ஏற்றிவிடும்.

நெடுவழி நண்பரே, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஹெட் கேஸ்கெட் என்று முடிவுகட்டும் முன் சிலவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.

காலையில் பானெட்டைத் திறந்ததும், எதையும் தொடுவதற்கு முன், ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பாருங்கள். உருண்டையாக இருக்கிறதா, சப்பி ஒட்டிக் கிடக்கிறதா? மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படும் ‘உஸ்’ என்ற ஓசை வருகிறதா? ஏசி போட்டதும் ரேடியேட்டர் விசிறி சுழல்கிறதா? ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்ததுபோல் வெளிறிய பசை ஏதும் படிந்திருக்கிறதா? எஞ்சின் சூடான பின்னும் புகைக்குழாயிலிருந்து அடர்ந்த வெண்புகை தொடர்ந்து வருகிறதா? முன் இருக்கைக் காலடிக் கம்பளம் ஈரமாகவோ, வண்டிக்குள் இனிப்பு வாடையாகவோ இருக்கிறதா?

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கைவைக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும் நீர், மூடி தளர்ந்த கணத்தில் கொதித்துப் பீறிடும். முகத்தையும் கையையும் வெந்து போகச் செய்யும். மேல் ஹோஸ் கைக்குக் குளிர்ச்சியாகத் தெரியும்வரை பொறுத்திருங்கள். விசிறி மீதும் கவனம் இருக்கட்டும். பல வண்டிகளில் எஞ்சினை நிறுத்திய பின்னும் அது திடீரென்று சுழலும்.

வெண்புகை:

கம்பளத்தைப் பற்றி ஸ்பானர் அண்ணா கேட்டது முக்கியமான கேள்வி. எனக்குத் தெரிந்த ஒருவருடைய வண்டியில் வெளியே எந்தக் கசிவும் தெரியவில்லை. ஆனால் முன்கண்ணாடியின் உட்புறம் அடிக்கடி எண்ணெய்ப் பசையாக மங்கியது. கடைசியில் பார்த்தால், ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) கசிந்து கூலன்ட் கம்பளத்துக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது ரிசர்வ் டேங்கிலும் மட்டம் குறையும். உங்களுடையது குறையவில்லை என்பதுதான் விந்தை.

நெடுவழி:

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு நன்றாக ஓட்டிவிட்டு நிறுத்தினேன். இன்று காலை ஸ்பானர் அண்ணா சொன்ன வரிசையிலேயே பார்த்தேன்.

மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தது. யாரோ உள்ளிருந்து உறிஞ்சி எடுத்ததைப்போல இரண்டு பக்கமும் ஒட்டி, நடுவில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. மூடியைத் திருகியதும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனது. கண்ணெதிரிலேயே ஹோஸ் உப்பிப் பழைய வடிவத்துக்கு வந்தது. கூலன்ட் மீண்டும் கீழே இறங்கியிருந்தது.

ஏசி போட்டதும் விசிறி சுழல்கிறது. ஆயில் மூடி சுத்தமாக இருக்கிறது. வெண்புகை இல்லை. கம்பளம் உலர்ந்திருக்கிறது, வாடையும் இல்லை.

ஸ்பானர்:

மிக நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். என் சந்தேகம் முழுவதும் ரேடியேட்டர் மூடியின் மேல்தான்.

அந்த மூடி வெறும் மூடி அன்று. அதற்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. பெரிய ஸ்பிரிங் உள்ள வால்வு, எஞ்சின் சூடேறும்போது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. மூடியின் மேல் 0.9, 1.1 என்று பாரிலோ, 13, 16 என்று பிஎஸ்ஐயிலோ எழுதியிருப்பது இந்த வால்வு திறக்கும் அழுத்தம். வெறும் நீர் கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். 1.1 பார் கூடுதல் அழுத்தத்தில் அதே நீர் கொதிக்க 120 டிகிரியைத் தாண்டவேண்டும். எஞ்சின் 100 டிகிரியை ஒட்டி ஓடியும் உள்ளே கொதிக்காமல் இருப்பதற்கு இந்த அழுத்தமும் கூலன்டும்தான் காரணம். சூட்டில் விரிந்து மிகையாகும் கூலன்ட் இந்த வால்வைத் தள்ளிக்கொண்டு, மெல்லிய குழாய் வழியாக ரிசர்வ் டேங்குக்குப் போகும்.

இரண்டாவது வால்வைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மூடியைக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிறு உலோகத் தட்டு இருக்கும். எஞ்சின் ஆறி, உள்ளே இருக்கும் கூலன்ட் சுருங்கும்போது வெற்றிடம் உண்டாகும். அந்த இழுப்பில் இந்தத் தட்டு திறந்து, ரிசர்வ் டேங்குக்குப் போன கூலன்டைத் திரும்ப உள்ளே விடவேண்டும். உப்பும் துருவும் படிந்து தட்டு இறுகிவிட்டால் போகும் வழி மட்டும் திறந்திருக்கும், வரும் வழி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ரிசர்வ் டேங்க் எப்போதும் நிறைந்திருக்கிறது, ரேடியேட்டர் காலியாகிறது, ஹோஸ் சப்பிப் போகிறது. தரையில் ஈரம் தெரியாததற்கும் இதுதான் காரணம். கூலன்ட் வண்டியை விட்டே போகவில்லை. டேங்க் முழுவதும் நிரம்பிய பிறகு மிகையானது வழிகுழாய் வழியாக ஓட்டத்திலேயே சிந்திப் போகவும் கூடும்.

விரல் நகத்தால் அந்தத் தட்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். எளிதாக விலகி, விட்டதும் பட்டென்று திரும்ப உட்காரவேண்டும்.

மூடிக்கும் டேங்குக்கும் இடையிலான மெல்லிய குழாயையும் கழற்றிச் சோதியுங்கள். அது டேங்குக்குள் அடிவரை இறங்கியிருக்கவேண்டும், எங்கும் மடங்கியிருக்கக் கூடாது. கூலன்ட் டேங்குக்குப் போய்ச் சேருகிறது என்பதால் முழு அடைப்பு இருக்காது. ஆனால் இழுக்கும்போது மட்டும் சப்பி ஒட்டிக்கொள்ளும் நைந்த ரப்பர் குழாய்களை நான் பார்த்திருக்கிறேன். வாயால் ஊதிப் பார்க்க வேண்டாம், கூலன்ட் நஞ்சு. சைக்கிள் பம்ப் போதும்.

கார்புரேட்டர்:

சரி, மூடி பழுது என்றே வைத்துக்கொள்வோம். நெரிசலில் மட்டும் சூடேறுவது ஏன்?

ஸ்பானர்:

நியாயமான கேள்வி ஐயா. வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, வாட்டர் பம்பும் வேகமாகச் சுழல்கிறது. அரை லிட்டர் குறைந்திருந்தாலும் வண்டி சமாளித்துவிடும். நின்ற இடத்தில் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பம்ப் மெதுவாகச் சுற்றும், காற்றுக்கு விசிறியை மட்டுமே நம்பவேண்டும். அப்போதுதான் குறை வெளியே தெரிகிறது.

நெடுவழி, இன்னொன்றையும் பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் இருக்கும். அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஒரு குறுகிய இடைவெளி இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் மட்டும் தெரியும், சுத்தமாகவே இருப்பதுபோல் தோன்றும். டார்ச் அடித்து மேலிருந்து அந்த இடுக்கைப் பாருங்கள். விசிறி சுழன்றாலும் அங்கே அழுக்கு அடைத்திருந்தால் காற்று போகாது.

மழைத்துளி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதைப் படித்துவிட்டு என் காரைத் திறந்து பார்த்தேன். ரேடியேட்டரில் மூடியே இல்லை. பிளாஸ்டிக் டேங்கில்தான் திருகு மூடி இருக்கிறது. அப்படியென்றால்?

ஸ்பானர்:

உங்களுடையது அழுத்தம் ஏறும் டேங்க். கூலன்ட் அதன் வழியாகவே சுற்றி வருகிறது, அழுத்த மூடியும் அதன் தலையிலேயே இருக்கிறது. ஆகவே ஆறிய நிலையில் டேங்கில் காணும் மட்டத்தையே நீங்கள் நம்பலாம். சாதாரண பிளாஸ்டிக் டப்பா போலத் தெரிகிறதே என்று சூட்டில் திறந்துவிடாதீர்கள். ரேடியேட்டர் மூடிக்குச் சொன்ன எச்சரிக்கை அப்படியே இதற்கும் பொருந்தும்.

நெடுவழி:

தட்டு அசையவே இல்லை. நகத்தால் இழுத்தாலும் வரவில்லை. சுற்றிலும் வெள்ளையும் பழுப்புமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. சுற்று ரப்பரிலும் மயிரிழைபோல் வெடிப்புகள். குழாயில் பம்ப் வைத்து அடித்தால் காற்று தடையில்லாமல் போகிறது. கண்டென்சருக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். தூசியும் பூச்சிச் சிறகும் காய்ந்த இலைத்துகளும் சேர்ந்து, கீழ்ப்பாதி முழுவதும் கம்பளி விரித்ததுபோல் படிந்திருக்கிறது.

மூடியில் 1.1 என்று எழுதியிருக்கிறது. அதைவிடக் கூடுதல் எண் உள்ள மூடி போட்டால் இன்னும் பாதுகாப்பு என்று ஒருவர் சொன்னார். போடலாமா? ஹெட் கேஸ்கெட் அச்சம் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை.

ஸ்பானர்:

கூடுதல் எண் வேண்டவே வேண்டாம். ரேடியேட்டர், ஹோஸ், ஹீட்டர் கோர் எல்லாம் அந்த அழுத்தத்துக்கு என்றே செய்தவை. மூடியை வலுவாக்கினால் அடுத்து எது பலவீனமோ அது வெடிக்கும். அதே 1.1, அதே கழுத்து ஆழம் உள்ள மூடியைப் போடுங்கள்.

அழுக்கை நீக்கும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மென்மையான நீர்த்தாரையை விடுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சினால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி வழியை அடைத்துவிடும்.

ஹெட் கேஸ்கெட் அச்சம் தீரப் பட்டறையில் இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். இரண்டுக்குமே எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒன்று, அழுத்தச் சோதனை. ஆறிய ரேடியேட்டரின் கழுத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதிய அழுத்தம்வரை ஏற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருப்பார்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. மற்றொன்று, எரிந்த வாயுச் சோதனை. ஓடும் எஞ்சினில் கூலன்டுக்கு மேலுள்ள காற்றை நீல நிறத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாக மாறும். நிறம் மாறாமல், அழுத்தமும் இறங்காமல் இருந்தால் எஞ்சினைப் பிரிக்கச் சொல்ல யாருக்கும் காரணம் இல்லை.

வெண்புகை:

இந்த இரண்டு சோதனைகளையும் கேட்டு வாங்குவது வண்டி வைத்திருப்பவரின் உரிமை. செய்ய மறுக்கும் பட்டறையில் எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். கேஸ்கெட் நல்லதாக இருந்து வீணாகப் பிரிக்கப்பட்ட வண்டிகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

நெடுவழி:

இரண்டு சோதனையும் வேறொரு பட்டறையில் செய்தாகிவிட்டது. அழுத்தம் இறங்கவில்லை, நீலம் நீலமாகவே இருந்தது. புது மூடி போட்டு, இடுக்கில் இருந்த அழுக்கையும் நீக்கிவிட்டேன். இப்போது எஞ்சின் சூடானால் டேங்கில் மட்டம் ஏறுகிறது, ஆறினால் இறங்குகிறது. காலையில் மூடியைத் திறந்தால் கழுத்துவரை கூலன்ட் நிற்கிறது. ஹோஸ் உருண்டையாக இருக்கிறது. நெரிசலில் ஏசியோடு நின்றும் முள் நடுவிலேயே நிற்கிறது. ஸ்பானர் அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். தட்டில் பொருக்கு படிந்ததற்கு என்ன காரணம்? மீண்டும் வராமலிருக்க என்ன செய்யவேண்டும்?

ஸ்பானர்:

மகிழ்ச்சி நண்பரே. அது பெரும்பாலும் குழாய்நீரின் உப்பு. வண்டி பழையது என்பதால் எப்போதோ யாரோ சாதாரண நீரை ஊற்றியிருக்கலாம். பழைய கூலன்டை முழுவதும் வடித்து, காய்ச்சி வடித்த நீரால் அலசி, உங்கள் காரின் கையேடு சொல்லும் வகையையே நிரப்புங்கள். அடர்கூலன்ட் என்றால் அதே அளவு காய்ச்சி வடித்த நீரைக் கலக்கவேண்டும். கலந்தே விற்பதில் மேலும் நீர் சேர்க்கக் கூடாது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரே பச்சையில் வெவ்வேறு வகைகள் வருகின்றன.

நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுக்குமிழ் எல்லாம் வெளியேறும்வரை எஞ்சினை ஐடிலில் ஓடவிடுங்கள். காற்று நீக்கும் திருகு இருந்தால் அதையும் திறந்து, குமிழ் நின்றதும் மூடுங்கள். அடுத்த சில காலைகளில் மட்டத்தைப் பார்த்துக் குறைந்ததை நிரப்பினால் போதும்.

வடித்த பழைய கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளும் வாயில் வைத்துவிடுவார்கள். சிறிதளவே உயிரைப் பறித்துவிடும். இறுக மூடிய கேனில் ஊற்றி, பழைய ஆயிலைத் திரும்பப் பெறும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.