காலித் தோட்டா வெளியே வரவில்லை

குழு: நம் வீட்டார்

சனிக்கிழமை

மலர்: பெரியப்பா, இருக்கிறீர்களா? இன்று பயிற்சியில் என் ரைஃபிள் மூன்று முறை மானத்தை வாங்கிவிட்டது. சுட்ட பிறகு போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை அடைக்கும் தண்டை, பின்னுக்கு இழுத்தால் காலித் தோட்டா கூடவே வராமல் சேம்பரிலேயே, தோட்டா உட்காரும் அறையிலேயே, நின்றுவிடுகிறது. அடுத்த மாதம் போட்டி. எந்த உதிரிபாகம் வாங்க வேண்டும்?

அண்ணன்: காலித் தோட்டாவைக் கவ்வி இழுக்கும் கொக்கி, எக்ஸ்ட்ராக்டர், போய்விட்டது. வேறென்ன?

அண்ணன்: நான் ஏற்கெனவே ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் முனை), ஸ்பிரிங் வகையறா, டிரிகர் முழுத் தொகுதி, உபரி போல்ட் ஒன்று, உபரிக் குழல் ஒன்று.

அத்தை: மிச்சம் இருப்பது கட்டை மட்டும்தான். அதையும் எழுதிக்கொள்.

அப்பா: குழல் எதற்கடா?

அண்ணன்: தேயும் அல்லவா அப்பா?

பெரியப்பா: வந்துவிட்டேன். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். மலர், முதலில் போல்ட்டைக் கழற்றித் தனியாக வை. சேம்பருக்குள் வெளிச்சம் விட்டு, காலியா என்று கண்ணால் பார். மற்றதெல்லாம் பிறகு.

மலர்: கழற்றிவிட்டேன். காலிதான்.

பெரியப்பா: மாட்டிய தோட்டாவை எப்படி எடுத்தீர்கள்?

மலர்: குழலின் வாய்ப்பக்கமாகச் சுத்தம் செய்யும் கம்பியை விட்டு மெல்லத் தள்ளினோம்.

பெரியப்பா: வேறு வழியில்லாதபோது சரி. ஆனால் கம்பி வாய் விளிம்பில் உரசக் கூடாது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு சிராய்ப்பு விழுந்தால் 50 மீட்டரில் உன் புள்ளியில் தெரியும். உன் இலக்கில் பத்தின் வட்டமே 10.4 மி.மீ. அகலம்தான்.

பெரியப்பா: குழலைப் பட்டியலில் போட்டவனுக்கு: இது .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்ற சின்னத் தோட்டா. ஈயக் குண்டு, ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே போகிறது. பத்தாயிரக்கணக்கில் சுட்டாலும் குழல் தாங்கும். உன் பட்டியலில் குழலையும் டிரிகரையும் அடித்துவிடு. போல்ட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அத்தை: பாதிப் பட்டியல் போயிற்று.

பெரியப்பா: மலர், போல்ட்டின் முகத்தைப் படம் எடுத்து அனுப்பு. தூரத்திலிருந்து வேண்டாம். கொக்கி தெரிய வேண்டும்.

மலர்: [படம்: போல்ட்டின் முகம், இரு பக்கமும் கொக்கிகள்]

அண்ணன்: பாருங்கள், கொக்கியின் முனை மொண்ணையாக இருக்கிறது.

பெரியப்பா: மொண்ணை இல்லை, அழுக்கு. பெரிதாக்கிப் பார். கொக்கிக்கு அடியில் கறுப்பாக அடைத்துக்கொண்டிருக்கிறதே, அது புகைக்கரி, தோட்டாவின் மெழுகு, பித்தளைத் தூள் மூன்றும் சேர்ந்த கலவை. காய்ந்தால் சிமெண்ட் மாதிரி. அது இருக்கும்வரை கொக்கி உள்ளே மடங்கித் தோட்டாவின் விளிம்பைக் கவ்வாது. ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்துச் சுரண்டு. ஊசி வேண்டாம்.

மலர் (இருபது நிமிடம் கழித்து): [படம்: வெள்ளைத் துணியில் கரித்துகள்]

மலர்: ஒரு கடுகளவு வந்தது!

பெரியப்பா: இப்போது கொக்கியின் முனை கூராக இருக்கிறதா? விரல் நகத்தை வைத்து இழுத்துப் பார். நகத்தில் பிடித்தால் நல்லது, வழுக்கினால் தேய்ந்துவிட்டது.

மலர்: நன்றாகவே பிடிக்கிறது.

அப்பா: அப்படியானால் எதுவும் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வயிற்றில் பால் வார்த்தீர்கள்.

பெரியப்பா: அவசரப்படாதே. நாளை சுட்டுப் பார்க்கட்டும். மலர், நாளை சுடும் முதல் பத்துக் காலித் தோட்டாக்களை வரிசை மாறாமல் கொண்டு வா. தூக்கிப் போட்டுவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை

மலர்: முன்னைக்குப் பரவாயில்லை. முப்பது சுற்றில் ஒரு முறைதான் மாட்டியது. ஆனால் இன்னொன்று. இரண்டு தோட்டா வெடிக்கவே இல்லை.

பெரியப்பா: வெடிக்காதபோது என்ன செய்தாய்?

மலர்: குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு 30 வரை எண்ணினேன். பிறகுதான் திறந்தேன்.

பெரியப்பா: நல்ல பெண். சில தோட்டா தாமதித்து வெடிக்கும். அதற்குள் போல்ட்டைத் திறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மலர்: [படம்: மேசையில் வரிசையாகப் பத்துக் காலித் தோட்டாக்களும் வெடிக்காத இரண்டும்]

பெரியப்பா: ஒவ்வொன்றின் அடியிலும் ஃபயரிங் பின் அடித்த தடத்தைப் பாருங்கள். இந்தத் தோட்டாவில் வெடிமருந்துப் பொறி நடுவில் இல்லை, விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. அடி விளிம்பில் ஆழமாக விழ வேண்டும். நல்ல தடம் உளி வைத்து அடித்தது போல் இருக்கும். இங்கே மூன்றாவது, ஏழாவது பரவாயில்லை. மற்றதெல்லாம் மேலோட்டமாக, அகலமாக இருக்கிறது. பின்னின் முனை தட்டையாகிவிட்டது போலிருக்கிறது.

அண்ணன்: ஸ்பிரிங் தளர்ந்துபோய் அடி மெதுவாக விழுந்திருக்கலாம் அல்லவா? ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்து நீட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்று படித்தேன்.

பெரியப்பா: படித்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடு. இழுத்து நீட்டிய ஸ்பிரிங் நான்கு நாள் விறைப்பாக நிற்கும், ஐந்தாம் நாள் முன்னைவிட மோசமாகும். ஸ்பிரிங் தளர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால் புதியதைப் பக்கத்தில் படுக்க வைத்து நீளத்தை ஒப்பிடு.

அத்தை: பேனாவில் இருக்கிற ஸ்பிரிங் ஆகாதா அண்ணா? வீட்டில் நிறைய இருக்கிறது.

பெரியப்பா: பேனாவுக்கு ஆகும்.

பெரியப்பா: மலர், மாட்டிக்கொண்ட அந்த ஒரு தோட்டா இருக்கிறதா? அதன் உடம்பில் கீறல் தெரிகிறதா பார். பக்கவாட்டில் நீளமாக.

மலர்: இருக்கிறது. மெல்லிய ஒற்றைக் கோடு. மற்றதிலும் இருக்கிறது பெரியப்பா! எல்லாவற்றிலும் ஒரே மாதிரி.

பெரியப்பா: அந்தக் கோடு அடியில் எங்கே போய் முடிகிறது?

மலர்: ஃபயரிங் பின் அடித்த தடத்துக்கு நேர் மேலே.

பெரியப்பா: எல்லாவற்றிலுமா?

மலர்: எல்லாவற்றிலும்.

பெரியப்பா: கண்ணு, உண்மையைச் சொல். தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பயிற்சி செய்கிறாயா?

மலர்: ...

மலர்: இரவில் மட்டும். தினமும் ஒரு நூறு முறை. பயிற்சியாளர்தான் டிரிகர் கட்டுப்பாட்டுக்கு நல்லது என்றார்.

அம்மா: அந்த டிக் டிக் சத்தம் இவள்தானா? நான் பல்லி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா: பயிற்சியாளர் சொன்னது தவறில்லை. வெற்றுச் சுடுதலுக்கு இடம் கொடுத்தே செய்த புதிய ரைஃபிள்கள் உண்டு. கையேட்டிலேயே எழுதியிருக்கும். இது பழசு. மையத்தில் அடிக்கும் பெரிய ரைஃபிளில் பின்னுக்கு முன்னால் வெற்றிடம்தான் இருக்கும். இதில் ஃபயரிங் பின் தோட்டாவின் விளிம்பை நோக்கிப் போகிறது. அங்கே தோட்டா இல்லாவிட்டால் நேராகச் சேம்பரின் ஓரத்து எஃகில் இடிக்கும். தினம் நூறு இடி. ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி உள்பக்கம் ஒரு மேடு எழும்பியிருக்கும். அந்த மேடுதான் தோட்டாவைக் கீறுகிறது, பிடித்துக்கொள்கிறது. எஃகில் மோதி மோதிப் பின்னின் முனையும் தட்டையாகிவிட்டது. இரண்டு நோய்க்கும் வேர் ஒன்றுதான்.

மலர்: நான்தான் கெடுத்தேனா?

பெரியப்பா: சேம்பரைச் சரிசெய்துவிடலாம். மேட்டை வெட்டி எறியாமல் உள்ளிருந்து அழுத்தி, எஃகைப் பழைய இடத்துக்கே தள்ளும் கருவி ஒன்று உண்டு. துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் இருக்கும். யாரும் அரத்தைத் தொடக் கூடாது. குறிப்பாக ஒருவன்.

அண்ணன்: நான் அரமே வைத்திருக்கவில்லை பெரியப்பா.

அப்பா: கராஜில் இருக்கிறது. ஒளித்துவிடுகிறேன்.

பெரியப்பா: இனி வெற்றுப் பயிற்சிக்குப் பிளாஸ்டிக் போலித் தோட்டா போட்டுக்கொள். இல்லாவிட்டால் சுட்ட காலித் தோட்டா ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் திருப்பி வை. சுடாத தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

திங்கட்கிழமை

அண்ணன்: சரி, பட்டியலுக்கு வருவோம். ஏஆர்-15 வகைத் துப்பாக்கிக்கு ஒரு சின்ன டப்பாவில் எல்லா உபரியும் போட்டு விற்கிறார்கள், காணொளியில் பார்த்தேன். இதற்கும் அப்படி ஒன்று வாங்கிவிட்டால் என்ன?

பெரியப்பா: அது தானே வாயுவால் இயங்குவது. போல்ட்டில் மூன்று வாயு வளையம், எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங், பின்னைத் தாங்கும் ஆணி என்று தேய்வதற்கு நிறைய இருக்கிறது. பல நிறுவனங்கள் ஒரே அளவில் செய்வதால் பெரும்பாலும் ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்காரும். அதனால் அங்கே டப்பா வியாபாரம் நடக்கிறது. இவள் ரைஃபிளில் இயந்திரம் என்பது இவள் கைதான்.

பெரியப்பா: .22 எல்.ஆர். தோட்டா 1887இல் வந்தது. இன்றைக்கும் எந்த நாட்டுத் தோட்டாவும் எந்த .22 எல்.ஆர். ரைஃபிளிலும் நுழையும். அதைப் பார்த்துப் பாகமும் அப்படித்தான் என்று நம்பிவிடாதீர்கள். ஒரே மாதிரியிலேயே நடுவில் கொக்கியின் வடிவத்தை மாற்றியிருப்பார்கள். மாதிரிப் பெயர், வரிசை எண் இரண்டையும் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சில போல்ட்டில் இடக்கொக்கியும் வலக்கொக்கியும் வேறு வேறு. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மாற்றிப் போட்டால் ஒன்றும் சரியாக நடக்காது.

அப்பா: முடிவாக என்ன வாங்குவது அண்ணா?

பெரியப்பா: ஃபயரிங் பின் இரண்டு. ஒன்று இப்போது மாட்ட, ஒன்று பெட்டியில் வைக்க. பின்னின் ஸ்பிரிங் ஒன்று. எக்ஸ்ட்ராக்டர் ஒரு ஜோடி. அதன் குட்டி ஸ்பிரிங்கும் அதை அழுத்தும் குட்டி ஆணியும் இரண்டு ஜோடி, ஏன் என்று கழற்றும்போது தெரியும். குறிபார்க்கும் கருவியின் திருகாணி ஒன்றிரண்டு. கட்டையையும் உடம்பையும் இணைக்கும் திருகாணிக்குப் பொருந்தும் சாவி. அவ்வளவுதான்.

அண்ணன்: போல்ட்?

பெரியப்பா: வேண்டாம். போல்ட்டை மாற்றினால் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளியை அளக்க வேண்டும். அந்த இடம் 1.09 மி.மீ. அதற்கு மேல் 0.08 கூடினாலே அளவுகோல் ஆகாது என்று சொல்லிவிடும். மேசையில் மாற்றிப் பார்க்கிற சங்கதி இல்லை. அதோடு போல்ட், குழல் இரண்டும் பல நாடுகளில் துப்பாக்கியைப் போலவே உரிமத்துக்குள் வரும். உரிமம் இல்லாமல் உபரி போல்ட்டை வாங்கி வைத்தால் வம்பு.

மலர்: போட்டி அன்று மாற்ற வேண்டியிருந்தால்?

பெரியப்பா: அதற்குத்தான் இப்போதே எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிச் சுட்டுப் பார்க்க வேண்டும். உபரிப் பின்னைப் போட்டு இருபது சுற்று. தடம் ஆழமாக விழுகிறதா பார்த்துவிட்டுக் கழற்றித் துடைத்து வை. உறை பிரிக்காத பின்னை மண்டியிட்ட நிலையின் நடுவில் எடுத்து, அரை மில்லி குட்டை என்று கண்டுபிடித்தவன் ஒருவனை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், அந்தக் கண்ணாடி தேடுகிறவன்தான்.

அத்தை: அண்ணா!

பெரியப்பா: இன்னொன்று. உள்ளே எண்ணெயை ஊற்றாதே. கெட்டியான எண்ணெயும் பின்னை மெதுவாக்கிவிடும், குளிரில் இன்னும் மோசம். துடைத்துவிட்டு ஒரு படலம் போதும்.

பெரியப்பா: எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றும்போது போல்ட்டின் முனையை உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு கழற்று. ஸ்பிரிங் துள்ளிவிடும்.

இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை

மலர்: ஆர்மரரிடமிருந்து வந்துவிட்டது! சேம்பரில் மேடு போய்விட்டது. புதுப் பின் போட்டு அறுபது சுற்று. ஒன்றுகூட மாட்டவில்லை, ஒன்றுகூட வெடிக்காமல் போகவில்லை.

மலர்: [படம்: காலித் தோட்டாக்களின் அடி, ஆழமான ஒரே மாதிரித் தடங்கள்]

பெரியப்பா: இது தடம். உபரிப் பின்?

மலர்: அதிலும் இருபது. பெட்டியில் வைத்து மேலே தேதி எழுதிவிட்டேன்.

அப்பா: கொக்கிகள்?

மலர்: அண்ணன் இப்போது உபரிக் கொக்கியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பெரியப்பா: பைக்குள் வைத்துத்தானே?

பெரியப்பா: பைக்குள் வைத்துத்தானே??

அண்ணன்: கூடத்தில் யாரும் நடக்க வேண்டாம். தயவுசெய்து.

அம்மா: சோபாவை நகர்த்தியாகிவிட்டது. கிடைத்தது சட்டைப் பித்தான் இரண்டு, போன வருடம் தொலைந்த சாவி ஒன்று. ஸ்பிரிங் இல்லை.

அத்தை: பேனா ஸ்பிரிங் கொண்டு வரட்டுமா?

பெரியப்பா: யாரும் பெருக்காதீர்கள். காலையில் காந்தத்தோடு வருகிறேன்.