ஸ்லைடு இருண்டால் ஆக்டின் அழிந்துவிட்டது என்று பொருளா?

செல்லின் வடிவத்தைத் தாங்கும் ஆக்டின் என்னும் புரதத்தின் இழைகளுக்கு, அவற்றில் ஒட்டிக்கொண்டு ஒளிரும் ஃபேலாய்டின் சாயத்தை ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பவர்களுக்கு, ஒன்றுமே தெரியாத இருண்ட ஸ்லைடு என்றாவது ஒருநாள் கிடைத்தே தீரும். அதைக் கண்டதும் ஆக்டின் சிதைந்துவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவற்றில் ஆக்டின் அங்கேயேதான் இருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்த மாணவி ஒருவர், டியூபுலின் புரதத்தாலான நுண்குழாய்களையும் ஆக்டினையும் ஒரே ஸ்லைடில் காண விரும்பி, டியூபுலின் எதிர்ப்பொருளுக்கு ஒத்துவரும் குளிர்ந்த மெத்தனாலிலேயே செல்களை நிலைப்படுத்தினார், அதாவது சிதையாதபடி பதப்படுத்தினார். நுண்குழாய்கள் பளிச்சென்று தெரிந்தன; ஆக்டின் தெரிய வேண்டிய நிறத்திலோ வெறும் மங்கல்தான். சாயம் பழசாகிவிட்டதோ என்று புதிய குப்பியைத் திறந்தார், செறிவைக் கூட்டினார், பலனில்லை. ஃபேலாய்டின் தனித்த ஆக்டின் மூலக்கூறைப் பிடிப்பதில்லை. இழையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் மூலக்கூறுகளுக்கு இடையிலான இடுக்கில்தான் அது பொருந்துகிறது. மெத்தனால் அந்த வடிவத்தைக் குலைத்துவிட்டால், புரதம் இருந்தும் சாயத்துக்குப் பிடிமானம் இல்லை. 4 சதவீத ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, சோப்பு போன்ற ட்ரைட்டான் எக்ஸ்-100-இன் 0.1 சதவீதக் கரைசலால் செல் சவ்வில் சாயம் ஊடுருவ வழிசெய்தபோது, அதே பழைய குப்பிச் சாயத்தில் இழைகள் தெளிவாகத் தெரிந்தன. கடையில் ஃபார்மலின் என்ற பெயரில் கிடைக்கும் 37 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசலிலும் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் மெத்தனால் கலந்திருப்பதால், பாராஃபார்மால்டிஹைடு தூளிலிருந்து கரைசலைப் புதிதாகத் தயாரிப்பதே நல்லது. (இவ்வளவுக்கும் ஃபேலாய்டினையே மெத்தனாலில் கரைத்துத்தான் வைக்கிறோம்! 40 மடங்கு நீர்த்த பிறகு எஞ்சுவது 2.5 சதவீதம்தான், ஏற்கெனவே ஃபார்மால்டிஹைடால் பிணைக்கப்பட்ட செல்லை அது பெரிதாகப் பாதிப்பதில்லை.)

இன்னொரு நிகழ்வு இதைவிட நுட்பமானது. கடற்பஞ்சிலிருந்து பெறப்படும் ஜாஸ்பிளாக்கினோலைடு என்னும் சேர்மத்தைச் செல்களுக்குக் கொடுத்துவிட்டு ஃபேலாய்டின் ஏற்றிய நண்பர் ஒருவர், ஒளிர்வு வெகுவாகக் குறைந்ததைக் கண்டு, ஆக்டின் இழைகள் கரைந்தன என்று கட்டுரை வரைவில் எழுதியிருந்தார். அச்சேர்மம் இழைகளைக் கரைப்பதில்லை, மாறாக உறுதிப்படுத்துகிறது. ஃபேலாய்டின் அமரும் இடத்துக்கு அதுவும் போட்டியிடுவதால், சாயத்துக்கு இடமில்லாமல் போகிறது. ஆக்டினுக்கான எதிர்ப்பொருளைக் கொண்டு பார்த்தபோது புரதம் கட்டிகளாகத் திரண்டிருந்தது. லாட்ரன்குலின் என்னும் வேறொரு சேர்மமோ உண்மையிலேயே இழைகளைக் குலைப்பது; அதிலும் ஸ்லைடு மங்கும் என்பதால், ஃபேலாய்டினை மட்டும் நம்பி இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது.

உயிருள்ள செல்களிலேயே ஆக்டினைக் காட்டும் எஸ்ஐஆர்-ஆக்டின் (SiR-actin) என்னும் சாயத்தைப் பயன்படுத்துவோரும் இதைக் கவனிக்க வேண்டும். அதுவும் ஜாஸ்பிளாக்கினோலைடின் வழிப்பொருளே ஆதலால், அதே செல்களை நிலைப்படுத்திப் பின்னர் ஃபேலாய்டின் ஏற்றினால் கிடைக்கும் ஒளிர்வின் அளவை, எஸ்ஐஆர்-ஆக்டின் படாத செல்களின் அளவோடு அப்படியே ஒப்பிடலாகாது.