இன்டர்வியூவில் எழுதிய புரோகிராம் கோடு சரியாக ஓடியது, ஆனாலும் ரிஜெக்ட். எங்கே கோட்டை விட்டேன்?

அரைத்தூக்கம்:
பேக்எண்டில் (சர்வர் பக்க வேலை) 4 வருட அனுபவம். போன வாரம் ஒரு பெரிய டெக் கம்பெனியில் (பெயர் வேண்டாம்) ஒரே நாளில் 5 ரவுண்டு இன்டர்வியூ. இரண்டாவது ரவுண்டில் எல்ஆர்யூ கேஷ் (இடம் நிறைந்தால் ரொம்ப நாள் தொடாததை வெளியேற்றும் தற்காலிகச் சேமிப்பு) எழுதச் சொன்னார்கள். ஏற்கெனவே நாலைந்து தடவை போட்டுப் பார்த்தது என்பதால் இன்டர்வியூ எடுத்தவர் கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள் கை டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டது, ஹேஷ் மேப் (கீயைக் கொடுத்தால் அதன் வேல்யூவை உடனே தரும் அட்டவணை), டபுள் லிங்க்டு லிஸ்ட் (முன்னால், பின்னால் இருப்பதைக் காட்டும் நோடுகளின் தொடர்), 18 நிமிடத்தில் முடிந்தது, டெஸ்ட் எல்லாம் பாஸ். "நல்லது" என்றார். மீதி நேரம் பெரும்பாலும் இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மற்ற ரவுண்டுகள் பரவாயில்லை, மேனேஜரோடு சிரித்துப் பேசினேன். மூன்று நாள் கழித்து இரண்டு வரி மெயில். ரிக்ரூட்டரைப் போனில் பிடித்துக் கேட்டால் "இரண்டாவது ரவுண்டில் சிக்னல் போதவில்லை" என்கிறார். விடையே சரியாக இருக்கும்போது இன்னும் என்ன சிக்னல்? மூன்று மாதம் தூங்காமல் படித்தேன், கடுப்பாக இருக்கிறது.

மறுபக்க_நாற்காலி:
நான் 6 வருடமாக எதிர்ப்பக்கம் உட்காருகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூ முடிந்ததும் நாங்கள் ஒரு ஃபார்ம் நிரப்ப வேண்டும். "விடை சரி" என்பது அதில் ஒரு வரி. மீதியெல்லாம், அதாவது 'சிக்னல்' என்பது, நீங்கள் எப்படி யோசித்தீர்கள், எதைக் கேட்டீர்கள், எதைத் தேர்ந்தெடுத்து எதை விட்டீர்கள் என்பது. பல இடங்களில் முடிவெடுப்பது உங்களோடு பேசியவரே இல்லை. கூகுளில் ஒரு கமிட்டி அந்த எழுத்தைப் படித்துத்தான் முடிவு செய்யும் முறை இருந்தது, அமேசானில் அந்த டீமுக்கு வெளியே இருந்து வரும் 'பார் ரெய்சர்' ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்படியிருக்க, மனதுக்குள் நீங்கள் யோசித்தது எதுவும் அந்தக் காகிதத்துக்கு வந்து சேராது.

எல்ஆர்யூவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் டபுள் லிங்க்டு லிஸ்ட்? நடுவில் இருக்கும் நோடை உருவ அதன் முந்தைய நோடு தெரிய வேண்டும், ஒற்றைத் தொடர் என்றால் தலையிலிருந்து நடந்து வர வேண்டும். நோடுக்குள் வேல்யூ மட்டும் போதாது, கீயும் ஏன் இருக்க வேண்டும்? வாலில் இருப்பதை வெளியேற்றும்போது மேப்பிலிருந்தும் அழிக்க வேண்டும், கீ இல்லாமல் எதை அழிப்பீர்கள்? இரண்டு த்ரெட் (புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் படித்தால்? படிப்பதே வரிசையை மாற்றுகிறது, ஆகவே பலர் ஒரே நேரத்தில் படிக்க விடும் ரீட் லாக் மட்டும் போதாது. கோடு மனப்பாடமாக இருப்பவருக்கும் புரிந்து எழுதியவருக்கும் வித்தியாசம் இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும். மீதி நேரத்தில் அவர் இதையெல்லாம் தோண்டிக் கேட்காமல் விட்டது அவர் தப்பு, சோம்பேறி.

பழையகுப்பை:
மேலே உள்ளவர் சொல்வதெல்லாம் சரி, ஆனால் இது பாதி லாட்டரி என்பதையும் சொல்லிவிடுங்கள். மேக்கில் சாஃப்ட்வேர் நிறுவ உதவும் ஹோம்பிரூவை எழுதிய மேக்ஸ் ஹோவெல், பைனரி ட்ரீயை (ஒவ்வொன்றும் இரண்டு கிளை வரை பிரியும் மர அமைப்பு) தலைகீழாகத் திருப்பத் தெரியவில்லை என்று கூகுள் தன்னை ரிஜெக்ட் செய்ததாக 2015-ல் ட்வீட் போட்டார், ஞாபகம் இருக்கிறதா? ஜாவா லைப்ரரியில் இருந்த பைனரி சர்ச்சிலேயே (வரிசையான பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் முறை) சுமார் 9 வருடம் ஒரு பிழை கிடந்தது, நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளின் இண்டெக்ஸையும் (இட எண்) கூட்டும்போது எண் நிரம்பி வழிந்துவிடும் என்று ஜோஷுவா பிளாக் 2006-ல் எழுதினார். அவ்வளவு பேர் பார்த்தும் தப்பிய விஷயம், நம்மிடம் 45 நிமிடத்தில் பிசகில்லாமல் வேண்டுமாம். விடுங்க பாஸ், அடுத்ததுக்கு அப்ளை பண்ணுங்க.

சுவரோடுபேசுபவள்:
எனக்கு உங்களுக்கு நேர் எதிராக நடந்தது. மீட்டிங் நேரங்கள் ஒன்றோடொன்று மோதுகிறதா என்று பார்க்கும் கணக்கு, நான் முழுதாக முடிக்கவே இல்லை. ஆனால் ஆரம்பத்திலேயே லிஸ்ட் வரிசையில் வருமா, ஒரு மீட்டிங் முடியும் அதே நிமிடத்தில் அடுத்தது தொடங்கினால் அது மோதலா, காலி லிஸ்ட் வருமா என்று நச்சரித்தேன். நடுவில் மாட்டிக்கொண்டபோது "இங்கே சிக்கிவிட்டேன், தொடங்கும் நேரப்படி வரிசைப்படுத்தினால் பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதும் என்று தோன்றுகிறது" என்று வாய்விட்டுச் சொன்னேன், அவரே ஒரு கை கொடுத்தார். ஆஃபர் வந்தது. அதற்கு முன் இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகினேன், வீட்டில் பயந்துவிட்டார்கள். (இன்னொரு கம்பெனியில் வாரக்கடைசி முழுக்க டேக்-ஹோம் அசைன்மெண்ட் (வீட்டில் செய்து தரச் சொல்லும் வேலை) செய்து கொடுத்தேன், இன்றுவரை பதில் இல்லை. அது தனிக்கதை.)

அரைத்தூக்கம்:
எல்லோருக்கும் நன்றி. நோடுக்குள் கீ வைத்தேன், ஆனால் ஏன் என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான், த்ரெட் கேள்விக்குக் கண்டிப்பாக முழித்திருப்பேன். அப்புறம் ஒன்று, முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன். முடித்ததும் அவர் "இதை வேறு எப்படிச் செய்யலாம்?" என்று கேட்டார். "இதுதான் பெஸ்ட்" என்று சொல்லிவிட்டேன்.

மறுபக்க_நாற்காலி:
அடப்பாவி, அதுதானே கேள்வியே! அவரைச் சோம்பேறி என்றதை வாபஸ் வாங்குகிறேன். கேஷாகப் பலர் பயன்படுத்தும் ரெடிஸ் டேட்டாபேஸ் துல்லியமான வரிசையே வைத்துக்கொள்வதில்லை தெரியுமா, அதில் எல்ஆர்யூ முறையைப் போட்டால், எண்ணிக்கையை மாற்றாதவரை 5 கீயைச் சும்மா பொறுக்கி எடுத்து அதில் ரொம்ப நாள் தொடாததைத் தூக்கப் பார்க்கும், மெமரி மிச்சம். இதில் பாதி சொல்லியிருந்தால்கூட அவருக்கு ஒரு பக்கம் எழுதக் கிடைத்திருக்கும். சரி, மறுபடி அப்ளை செய்ய எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று அந்த ரிக்ரூட்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், போனை எடுக்கும் ரிக்ரூட்டர் கிடைப்பது கஷ்டம்.